பழைய குட்டி யானையைக் குறைந்த செலவில் ஓட்டத்துக்குக் கொண்டுவருதல்

ஆர்.சி. புத்தகத்தில் டாடா ஏஸ் என்று இருந்தாலும், தமிழ்நாட்டில் அந்த வண்டிக்கு வழங்கும் பெயர் குட்டி யானை. 2005ஆம் ஆண்டு மே மாதம் அது விற்பனைக்கு வந்தபோது 702 சி.சி. இரட்டைச் சிலிண்டர் டீசல் இன்ஜினும், 16 குதிரைத்திறனும், 750 கிலோ சுமை ஏற்றும் அனுமதியும் கொண்டிருந்தது. அந்தத் தலைமுறை வண்டிகள் இன்று நான்காம் கையாகவும் ஐந்தாம் கையாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. காய்கறிக் கடை, தண்ணீர் கேன், பந்தல் சாமான், சிறு பண்ணை என்று சொந்தத் தொழிலுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டு, புதிய வண்டிக்குத் தவணை கட்ட இயலாதவர்களுக்கு இது இன்றும் நல்ல தேர்வு. டீசல் பம்ப் முதல் கியர் வரை எல்லாம் இயந்திர அமைப்பு என்பதால், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எந்தப் பட்டறையிலும் இதைப் பிரித்துக் கோக்க முடியும்.

வண்டி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது செலவின் வரிசையைப் பற்றியது. என் முதல் வண்டிக்கு, வாங்கிய வாரமே டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்தேன். அடுத்த மாதம் கேபின் தளத்தின் அடியில் துருப்பிடித்த இடத்தை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டியதாயிற்று. அந்தச் சூட்டில் புதுப் பெயிண்ட் ஒரு முழ நீளத்துக்குக் கருகிக் கொப்பளித்தது. அன்றிலிருந்து ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதும் பழக்கம் வந்தது. உயிர் சம்பந்தப்பட்ட வேலைகள் முதல் பத்தியிலும், ஓட்டம் சம்பந்தப்பட்டவை இரண்டாவதிலும், அழகு சம்பந்தப்பட்டவை மூன்றாவதிலும் இருக்கும். முதல் பத்தியில் உள்ளவை எல்லாம் வேலை முடிந்து அடிக்கப்படும் வரை மூன்றாவது பத்தியில் ஒரு ரூபாய்கூடச் செலவழிப்பதில்லை. கையில் உள்ள தொகையில் ஐந்தில் ஒரு பங்கை எதற்கென்று எழுதாமலே ஒதுக்கி வையுங்கள். பழைய வண்டியைப் பிரித்த பிறகுதான் அந்தப் பணம் எதற்கு என்று தெரியவரும்.

வாங்கும் முன்

வண்டியைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள். சேசிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், அடித்திருக்கும் எண்ணை ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். அந்த இடம் தேய்க்கப்பட்டோ புதிதாக வெல்டிங் வைக்கப்பட்டோ இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பைனான்ஸ் முடிந்திருந்தாலும் ஹெச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) கேன்சல் ஆகாமல் பல வண்டிகள் கைமாறுகின்றன. அதற்கான படிவம் 35, பெயர் மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்து வாங்கிய பிறகே முழுத்தொகையையும் கொடுக்க வேண்டும். நிலுவை அபராதம், வரி, பசுமை வரி, இன்சூரன்ஸ் ஆகியவற்றை வண்டி எண்ணைக் கொண்டே மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் சரிபார்க்கலாம்.

எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றை, எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பதினைந்து ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு அதற்கான கட்டணம் வெகுவாக உயர்ந்திருப்பதால், ஐந்தாயிரம் ரூபாய் மலிவு என்று 2008ஆம் ஆண்டு வண்டியை எடுப்பதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து 2013ஆம் ஆண்டு வண்டியை எடுப்பது பெரும்பாலும் லாபம். ஒரு சலுகையும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் உறுதிசெய்துவிட்டது.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய், இருக்கையைத் தூக்கி இன்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை உங்களுக்காக முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஸ்டார்ட் ஆனதும் சில நொடிகள் வெண்புகை வந்து நிற்பது இயல்பு. நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் ஏர் ஃபில்டரோ, டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசிலோ காரணமாக இருக்கலாம். சூடான பிறகும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். பிறகு ஐடிலில் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை அருகில் வையுங்கள். லேசான மூச்சு இருக்கலாம்; ரயில் இன்ஜின் போல் குப்குப்பென்று புகை தள்ளினால், மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்லும் நோய் அது, பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியை இன்ஜின் வேலைக்கான முழுச் செலவையும் விலையில் கழித்துக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

பிரேக்

வேலையை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த வண்டியில் முன்னே டிஸ்க், பின்னே டிரம். முன்பக்கம் எளிது: பேட் தேய்மானத்தையும், டிஸ்கில் விழுந்திருக்கும் கோடுகளையும், கேலிப்பரின் பிஸ்டன் சிக்கியிருக்கிறதா என்பதையும் பார்த்தால் போதும். பல ஆண்டு யாரும் திறந்து பார்க்காத இடம் பின்பக்க டிரம்தான்.

வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திக்கொண்டு, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை போட்டு, பின் ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டாதீர்கள். செங்கல்லும் ஸ்டாண்டு ஆகாது, பாரம் தாங்காமல் நொறுங்கிவிடும். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, டிரம்மின் விளிம்பை மரச் சுத்தியால் சுற்றிலும் தட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். உள்ளே இருக்கும் கருந்தூளை வாயால் ஊதவோ ஏர் பிடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இனி வீல் சிலிண்டரின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறையை ஒரு சிறிய ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் மெல்ல நெம்பிப் பாருங்கள். உள்ளே உலர்ந்திருந்தால் நல்லது. உறைக்குள்ளிருந்து ஒரு சொட்டு வழிந்தால் அந்தச் சிலிண்டர் போய்விட்டது. லைனிங் நனைந்திருந்தால், எந்த எண்ணெயால் நனைந்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். நீர்த்துப்போய், தண்ணீரில் கழுவினால் போய்விடுவது பிரேக் ஆயில். கெட்டியாக, கந்தக நெடியோடு விரலை விட்டுப் போகாமல் ஒட்டுவது கிரவுன் ஆயில், அதாவது பின் ஆக்ஸிலில் உள்ள பல்சக்கரங்களுக்கு ஊற்றும் ஆயில். அப்படியானால் குற்றம் பிரேக்கில் இல்லை, ஆக்ஸில் முனையிலுள்ள ஆயில் சீலில் இருக்கிறது. சீலை மாற்றாமல் புது லைனிங் போட்டால் ஒரே மாதத்தில் அதுவும் நனைந்துவிடும். நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டு மீண்டும் மாட்டும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் அன்றே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. எனவே நிறம் கறுத்திருந்தால் மேலே ஊற்றி நிரப்பாமல் முழுவதையும் மாற்ற வேண்டும்; மூடியில் குறித்திருக்கும் தரத்தையே வாங்க வேண்டும். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, அதாவது ஏர் எடுக்கும்போது, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருக்கும் பின் சக்கரத்திலிருந்து தொடங்கி அருகில் உள்ளதற்கு வாருங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சக்கரத்தருகே உள்ள நிப்பிளைத் (காற்றை வெளியேற்றும் சிறு திருகை) திறந்து மூட வேண்டும். நிப்பிள் மூடும் முன் பெடலை விட்டுவிட்டால் வெளியே போன காற்று உள்ளே வந்துவிடும். நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை, கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய கண்ணாடிப் பாட்டிலில் மூழ்கியிருந்தால் குமிழி வருவது நின்றதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இடையிடையே மேலே உள்ள தொட்டியை நிரப்பிக்கொண்டே இருங்கள்.

ஸ்டியரிங், பட்டை, டயர்

முன்பக்கம் வளையாத ஒற்றை ஆக்ஸில் என்பதால் கிங் பின் (முன் சக்கரம் திரும்புவதற்கான அச்சாணி) தேய்மானம் இந்த வண்டிக்கு வரக்கூடியதே. முன் சக்கரத்தைத் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் பெடலை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் பழுது வீல் பேரிங்கில். அப்போதும் இருந்தால் கிங் பின்னில். இந்த ஒரு சோதனை தெரியாததால் தேவையில்லாமல் கிங் பின் செட் மாற்றியவர்கள் பலர். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது தெரியும் ஆட்டம், ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்டைச் சேர்ந்ததாக இருக்கலாம். புதுக் கிங் பின் போட்டதும், அதன் பிறகு ஒழுங்காகவும், கிரீஸ் அடிக்கத் தவறாதீர்கள். அது சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் கிரீஸ் பஞ்சம்தான்.

பின் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்கில்) ஒன்றிரண்டு கூடுதல் இலைகள் சேர்த்திருந்தால், முந்தைய உரிமையாளர் ஒன்றரை டன் ஏற்றியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். சேசிஸில் விரிசலைத் தேட வேண்டிய இடங்கள் அந்தப் பட்டை பொருந்தும் பிராக்கெட்டுகளின் ஓரங்கள். உடைந்த இலை, தேய்ந்த புஷ், நீண்டுபோன யூ போல்ட் ஆகியவற்றை மாற்றுங்கள். டயரின் ஆழத்தைப் பார்ப்பதோடு, பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. இந்த வண்டிக்குரிய அளவு 145 ஆர் 12, அதுவும் சரக்கு வண்டி வகை. அதே அளவில் மலிவாகக் கிடைக்கிறதென்று கார் டயரை மாட்டக் கூடாது.

சூடும் இன்ஜினும்

இந்த இன்ஜின்களில் பெரும்பாலானவை வயதாகிச் சாவதில்லை, சூடாகிச் சாகின்றன. இருக்கைக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும் இரண்டே சிலிண்டர், மேட்டில் முழு லோடோடு இரண்டாம் கியரில் ஏறும்போது எவ்வளவு உழைக்கிறது என்பதை ஓட்டியவர் அறிவார். எனவே இன்ஜினைத் தொடும் முன் ரேடியேட்டரைக் கழற்றி வெளியே எடுத்து, செதில்களில் அடைந்த மண்ணை உட்பக்கத்திலிருந்து மெதுவான தண்ணீரால் கழுவி, உள்ளே அடைப்பு இருந்தால் ரேடியேட்டர் கடையில் சுத்தம் செய்யக் கொடுங்கள். ஹோஸ்களை விரலால் அழுத்திப் பார்த்து, உப்பியதையும் வெடித்ததையும் மாற்றுங்கள். ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் கலந்து ஊற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு ஹெட் கேஸ்கெட் வேலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

சூடாகிறது என்று சொன்னதும் தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கிப் போட்டுவிடும் வைத்தியம் ஒன்று உண்டு. அதனால் சூடு குறைந்தது போல் தோன்றும். ஆனால் இன்ஜின் சரியான வெப்பநிலைக்கு வரவே நேரமெடுத்து, டீசலும் கூடுதலாகக் குடித்து, தேய்மானமும் அதிகமாகும். பழைய வால்வை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். கொதிநிலையை நெருங்கும்போது திறக்காவிட்டால் புதியது போடுங்கள்.

இன்ஜினைப் பொறுத்தவரை, ஓடுகிற இன்ஜினை எடுத்த எடுப்பிலேயே இறக்க வேண்டாம் என்பதே என் கருத்து. முதலில் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் நான்கையும் மாற்றி, வால்வு இடைவெளியைச் சரிபார்த்து, நாசில்களை மட்டும் கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் சோதிக்கக் கொடுங்கள். ஒழுகும் நாசிலால் வந்த கரும்புகையை இன்ஜின் தேய்மானம் என்று சொல்லி ரீபோருக்கு (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் வேலைக்கு) நாள் குறித்ததைப் பார்த்திருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் ஆகத் தடுமாறினால், இன்ஜினைக் குறை சொல்லும் முன், குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் இரண்டையும் பாட்டரியோடு நேரடியாகச் சோதித்துவிடுங்கள். இரண்டே சிலிண்டர் உள்ள இன்ஜினில் ஒரு பிளக் போனால் பாதி பலம் போனதற்குச் சமம்.

பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்கச் செய்யும் டைமிங் பெல்ட்டில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, டென்ஷனர் பேரிங்கோடு சேர்த்துப் புதியது போட்டுவிடுங்கள். ஓடும்போது அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வுகளில் இடித்து ஹெட்டே வீணாகிவிடும்.

எதைப் பழையதாக வாங்கலாம்

சென்னையில் புதுப்பேட்டை பழைய சாமானுக்கும், ஜெனரல் பேட்டர்ஸ் சாலை புதிய உதிரிபாகத்துக்கும் பேர் போனவை. பெரிய ஊர்களில் எல்லாம் இப்படி ஒரு தெரு உண்டு. கதவு, கண்ணாடி, பம்பர், இருக்கைச் சட்டம், ரிம், விளக்குக் கூடு, கியர் பாக்ஸின் வெளிக்கூடு போன்றவற்றைப் பழையதாக வாங்கினால் பெரும் தொகை மிச்சமாகும். பிரேக் லைனிங், ஹோஸ், வீல் சிலிண்டர், டை ராட் எண்டு, பேரிங், சீல், டைமிங் பெல்ட் ஆகியவற்றைப் புதியதாகவே, பில்லோடுதான் வாங்க வேண்டும். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பல ஆண்டு வந்த மாடல் என்பதால் பெயர் ஒன்றாயிருந்தும் அளவு மாறியவை உண்டு. மெக்கானிக்கிடம், மாற்றிய எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுத் தரச் சொல்லுங்கள். சந்தேகப்படுவதற்காக அல்ல, அடுத்த முறை கடைக்கு எடுத்துச் செல்ல மாதிரி வேண்டும் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வயரிங்

ஃபியூஸுக்குப் பதில் செப்புக் கம்பி சுற்றியிருந்தால் முதலில் அதை அகற்றுங்கள்; வண்டி தீப்பிடிக்க அது போதும். மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டால் பாதி வேலை வீட்டிலேயே முடியும். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பாட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டியும், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையிலும் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் டைனமோவையும் பெல்ட்டையும் பாருங்கள். செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) மெதுவாகச் சுற்றினால் புதுப் பாட்டரி வாங்கும் முன், இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள எர்த் வயரைக் கழற்றி, இரு முனைகளையும் பளபளக்கும் வரை தேய்த்து மாட்டிப் பாருங்கள்.

துருவும் பாடியும்

ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி கேபினின் கீழ்ப்பகுதியில் நகர்த்துங்கள். பள்ளத்தை மறைக்கப் பூசிய பட்டி தடித்திருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது. கால்மிதி விரிப்பைத் தூக்கிவிட்டுத் தளத்தையும் தட்டிப் பார்த்து, உளுத்த தகட்டை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும். துருவின் மேல் பட்டி போட்டால் இரண்டு மழைக்குத் தாங்காது. வெல்டிங் தொடங்கும் முன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிடுவதும், டீசல் டேங்கின் பக்கம் பொறி பறக்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு, பட்டறையில் மறந்துவிடுவார்கள்.

லோடு பாடியில் தடித்த தகடு போட்டுத் தரச் சொல்லி ஆசைப்படுவோர் உண்டு. நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு கிலோவும் அந்த 750 கிலோவில் கழியும் என்பதை நினைவில் வையுங்கள். பாடியை நீட்டுவதும் உயர்த்துவதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம், எஃப்.சி.யிலும் நிறுத்தப்படும், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். பெயிண்டுக்கு இப்போதுதான் முறை வருகிறது. வண்டி முழுவதும் அடிக்க வசதியில்லையென்றால் வேலை செய்த இடங்களுக்கு மட்டும் பிரைமரும் அதே நிறமும் அடித்து, சேசிஸுக்குக் கறுப்பு அடித்தால் போதும். விளக்குகள், ஒலிப்பான், வைப்பர், ஒளியைப் பிரதிபலிக்கும் டேப், நம்பர் பிளேட், புகைச் சான்று ஆகியவற்றைச் சரிபார்த்துக்கொண்டு எஃப்.சி.க்குப் போகலாம்.

முதல் ஓட்டம்

எஃப்.சி. முடிந்த மறுநாளே முழு லோடு ஏற்றாதீர்கள். காலி வண்டியை ஆளில்லாத சாலையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, பிரேக்கை அழுத்தி, இடமோ வலமோ இழுக்கிறதா என்று பாருங்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். மற்றவற்றைவிட ஒன்று அதிகம் தகித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடிக்கிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. பிறகு அட்டை ஒன்றை விரித்து அதன் மேல் இன்ஜின் பகுதி வருமாறு இரவு நிறுத்திவையுங்கள். எங்கே எந்த நிறத்தில் சொட்டியிருக்கிறது என்பதைக் காலையில் அட்டையே காட்டிவிடும்.

அதன் பிறகு கால் லோடு, அரை லோடு என்று ஒரு வாரம் பழக்குங்கள். கழற்றி மாட்டிய வீல் நட்டுகளை ஐம்பது கிலோமீட்டரிலும், பட்டையைப் பிடித்திருக்கும் யூ போல்ட் நட்டுகளை ஐந்நூறு கிலோமீட்டரிலும் மறுபடி இறுக்க வேண்டும். புதிதாகப் போட்டவை முதல் ஓட்டத்தில் சற்று இளகத்தான் செய்யும். இறுக்கிய தேதியையும் மீட்டரில் இருந்த கிலோமீட்டரையும் அந்த நோட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். டைமிங் பெல்ட்டை அடுத்து எப்போது மாற்றுவது என்பதற்கும் அதே பக்கம்தான் பயன்படும்.